போசனப்பிரியமும் பொதுப் பந்தியும்

பசியைப் பற்றிப் பேசிய அளவிற்கு மனிதகுலம் மிகையுணவைப் பற்றிப் பேசியதில்லை. பசி வெளிப்படையானது. அதனைத் தீர்க்க அரசும் அறமும் முன்வருகின்றன. மிகையாக உண்ணும் பழக்கமோ மறைவானது. அதற்கு ஆளானவனைக் கண்டு உலகம் நகைக்கின்றதேயன்றி இரங்குவதில்லை. அவனும் தன் துன்பத்தை நகைச்சுவையாக்கிப் பகலிலே பிறரோடு சேர்ந்து நகைக்கின்றான். இரவிலே தனியே உண்கின்றான். கிறிஸ்தவ மரபு இதற்குப் 'போசனப்பிரியம்' எனப் பெயரிட்டுத் தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றாக வைத்துள்ளது. அவ்வாறு பெயரிட்டது கண்டிப்பதற்காக மட்டுந்தானா, அன்றிக் குணப்படுத்துவதற்காகவுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது. அவ்வாராய்ச்சிக்குத் தக்க களமாகக் கல்முனைக் கரையும், அங்கு வாழும் ஓய்வுபெற்ற கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவரின் அனுபவமும் அமைகின்றன.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலே பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டவண்ணம் நீண்டு கிடக்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிகின்றது, மற்றையது எங்கே தொடங்குகின்றது என்பதைப் புதிதாக வருவோர் அறியார். கிழக்கே கடல்; மேற்கே வயல். கரைவலை மீனும் சம்மாந்துறைப் பக்கத்து நெல்லும் எருமைத் தயிரும் இக்கரையின் செல்வங்கள். முஸ்லிம்கள் பெருந்தொகையினராகவும், அவர்களை அடுத்து இந்துக்களும், சிறுதொகையினராகக் கிறிஸ்தவர்களும் இங்கு வாழ்கின்றனர். மெதடிஸ்த மிசனரிமார் 1814ஆம் ஆண்டிலே இலங்கையை அடைந்தனர். அவருள் வில்லியம் ஓல்ட் என்பவர் அவ்வாண்டிலேயே மட்டக்களப்புக்கு வந்து, 1815இல் அங்கேயே உயிர்நீத்தார். அவர் தொடக்கிவைத்த பணியின் வழிவந்த சபைகள் இக்கரையெங்கும் உள்ளன.

இவ்வூர்களிலே உணவென்பது உறவின் மொழியாகும். கலியாணம், கந்தூரி, பெருநாள், நத்தார், பொங்கல் எதுவாயினும் அயல்வீட்டுக்குத் தட்டுச் செல்லாமல் நிறைவுறுவதில்லை. வந்த விருந்தினன் 'போதும்' என்று சொன்னால், அச்சொல்லை விருந்தளிப்போர் முதன்முறை கேட்பதில்லை. இரண்டாம் முறை நம்புவதில்லை. மூன்றாம் முறை சொல்லின் மனம் நோகின்றனர். அன்பினை அகப்பையால் அளக்கும் இச்சூழலிலே அளவறிந்து உண்ணல் எளிதன்று. இலங்கையின் வயதுவந்தோருள் ஐவரில் ஒருவருக்கேனும் நீரிழிவு உண்டென அண்மைக்கால ஆய்வுகள் காட்டும் நிலையிலே, இஃது இன்பமான பழக்கம் என்ற அளவில் விட்டுவிடத்தக்கதுமன்று.

மேற்சுட்டிய ஆசிரியர் கல்முனையைச் சேர்ந்தவர், மெதடிஸ்த சபையினர். நன்றாக உண்பவர் என்ற பெயர் இளமையிலிருந்தே அவருக்கு உண்டு. எனினும் உண்டதெல்லாம் பிறர் நடுவே உண்டது. மனைவி பரிமாறுவார், அளவு கடந்தால் அகப்பையைக் கீழே வைத்துவிடுவார். சாய்ந்தமருதைச் சேர்ந்த முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் இருபதாண்டுகளாக அவரின் உற்ற நண்பர். பெருநாளன்று வட்டிலப்பம் இங்கு வரும். நத்தாரன்று கேக்கும் பலகாரமும் அங்கு செல்லும். வயதிலே இளையவராகிய இவர் அவரைக் 'காக்கா' என்பார். அவர் இவரை 'மாஸ்டர்' என்பார்.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பிலே சீயோன் தேவாலயம் தாக்கப்பட்டது. ஐந்து நாட்களின் பின்னர், ஏப்பிரல் 26ஆந் திகதி, சாய்ந்தமருதிலே ஒரு வீட்டில் ஒளிந்திருந்தோர் தம்மைத் தாமே வெடிக்கவைத்தனர், குழந்தைகளும் மாண்டனர். சந்தேகத்துக்குரியோர் அங்கு தங்கியிருப்பதை அறிவித்தவர்கள் அவ்வூர் மக்களே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயினும் அச்சம் நியாயம் கேட்பதில்லை. காக்கா குற்றமற்றவர் என்பதை ஆசிரியர் அறிவார். ஆசிரியர் தம்மைக் குறைசொல்ல மாட்டார் என்பதைக் காக்காவும் அறிவார். இருந்தும், என்ன சொல்லிக்கொண்டு மற்றவரின் படியேறுவது என்பது இருவருக்கும் தெரியவில்லை. அவ்வாண்டு வட்டிலப்பம் வரவில்லை, கேக்கும் செல்லவில்லை. அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்து வீட்டுக் கதவுகளை அடைத்தது. 2021இல் ஆசிரியரின் மனைவி நோயுற்று இறந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில்.

அதே ஆண்டிலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதனையடுத்த பெரும்போகத்தின் விளைச்சல் வீழ்ந்தது. 2022 செப்ரெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. நாடே குறைத்து உண்ட அக்காலத்திலேதான் ஆசிரியர் மிகுத்து உண்ணத் தொடங்கினார் என்பது வியப்பாகத் தோன்றலாம். நாளைக்கு அரிசி கிடைக்குமோ என்ற ஐயம் அவரை இன்றைக்கே உண்ணச் செய்தது. நள்ளிரவிலே எழுவார். விளக்கேற்றாமல், கோப்பை எடுக்காமல், நின்றபடியே பானையிலிருந்து அள்ளி உண்பார். சோறு தீர்ந்தாற் பாண்; பாண் தீர்ந்தால் பிஸ்கட்; அதுவும் தீர்ந்தால் டின்பாலைக் கரண்டியால் வழித்து உண்பார். பிஸ்கட் உறையைக் குப்பைவாளியின் அடியிலே புதைப்பார். மறைப்பதற்கு அவ்வீட்டில் எவரும் இருக்கவில்லை, எனினும் மறைத்தார்.

நீரிழிவு முன்னரே இருந்தது. 2023இல் காற்புண் ஒன்று மூன்று மாதமாகியும் ஆறவில்லை. விரலை இழக்க நேரிடலாம் என வைத்தியர் எச்சரித்தார். 2024ஆம் ஆண்டுத் தவக்காலத்திலே ஆசிரியர் கடும் விரதம் பூண்டார். பகல் முழுதும் ஒன்றும் உண்ணார். இரவிலே இரட்டிப்பாக உண்பார். விடிந்ததும் தம்மை வெறுப்பார். வெறுப்பிலே மீண்டும் சபதம் செய்வார். அச்சபதத்தின் ஆயுள் அடுத்த நள்ளிரவு வரையே. தம்முடைய விசுவாசம் பொய்யென்று அவர் முடிவுகட்டிய நாட்களும் உண்டு.

இந்நிலையிலே கிறிஸ்தவ மரபு உண்மையில் யாது கூறுகின்றது என்பதை அவர் நாடலானார். நான்காம் நூற்றாண்டிலே எகிப்தின் பாலைவனத்தில் தவமிருந்த எவாக்கிரியுஸ் என்னும் துறவி, மனிதனைத் தாக்கும் தீய எண்ணங்கள் எட்டென வகுத்து அவற்றுள் போசனப்பிரியத்தை முதலாவதாக வைத்தார். அவ்வெண்ணத்தை அவர் விளக்கும் முறை நோக்கற்பாலது. நாவின் சுவையைப் பற்றி அவர் அங்கு பேசவில்லை. வயிறும் ஈரலும் கெட்டுவிடுமே, நெடுநோய் வந்துவிடுமே, தேவையான பொருள் கிடையாதே, பார்க்க வைத்தியர் இல்லையே என்று துறவியின் காதிலே ஓதுவதுதான் போசனப்பிரியம் என்கின்றார். சுருங்கக் கூறின், அதன் வேர் ஆசையிலன்று, அச்சத்திலே உள்ளது. பதினாறு நூற்றாண்டுகட்கு முன் எழுதிய அத்துறவி 2022ஆம் ஆண்டின் கல்முனைச் சமையலறை ஒன்றை எட்டிப் பார்த்தவர்போல் ஆசிரியருக்குத் தோன்றினார்.

எவாக்கிரியுஸின் வழிவந்த யோவான் காசியன் இதனை மேலும் விரித்தார். உரிய வேளைக்கு முன் உண்பது, எது கிடைப்பினும் வயிறு புடைக்க உண்பது, சுவைமிக்கதையே நாடி உண்பது எனப் போசனப்பிரியம் மூவகைப்படும் என்பது அவர் கருத்து. உடல்வலு ஆளுக்காள் வேறுபடுவதால் எல்லார்க்கும் ஒரே அளவை விதிக்கலாகாது என்றும் அவர் உரைத்தார். மிகையான விரதமும் மிகையான ஊணும் ஈற்றில் ஒரே குழியிலே கொண்டு சேர்க்கும் என்ற அவரது எச்சரிக்கையே ஆசிரியரை உலுக்கியது. பகலிற் பட்டினியும் இரவிற் பெருந்தீனியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரே வண்டியின் இரு சில்லுகள்.

ஆசிரியரின் சபைக்கு மூலவரான யோன் வெஸ்லியும் இப்பொருளிலே அக்கறை காட்டியவர். 1724இல், இருபத்தொரு வயதிலே, வைத்தியர் ஜோர்ஜ் செய்ன் எழுதிய ஆரோக்கிய நூலைக் கற்று, அதனைப் பற்றித் தாய்க்கு எழுதினார். அச்செய்ன் தாமே ஒருகாலத்தில் ஏறத்தாழ 200 கிலோ எடைகொண்டு, நடக்கவும் இயலாது தவித்து, பாலும் மரக்கறியும் உண்டு மீண்டவர். வெஸ்லி 1747இல் எளியோருக்கென வெளியிட்ட வைத்திய நூல் அவரின் வாழ்நாளிலேயே இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. எனினும் இங்கு முதன்மை பெறுவது வேறொன்று. 1738 டிசெம்பர் 25ஆந் திகதி அவர் சிறுகுழுக்களுக்கான விதிகளை வகுத்தார். வாரந்தோறும் சிலர் கூடி, தத்தம் தவறுகளை ஒளிக்காது ஒருவருக்கொருவர் சொல்லவேண்டும் என்பதே அவ்விதிகளின் சாரம். தனியே செய்யும் சபதம் தனியே முறியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

வேதாகமத்தை இந்நோக்கோடு மீளப் படிக்குமிடத்து அங்கும் இதுவே புலனாகின்றது. வனாந்தரத்திலே மன்னா பொழிந்தபோது, அவரவர் அன்றைய தேவைக்கே சேர்க்குமாறு கட்டளை பிறந்தது. நாளைக்கென்று பதுக்கியது புழுத்தது. சோதோமின் குற்றங்களுள் ஒன்றாக எசேக்கியேல் தீர்க்கதரிசி காட்டுவது, உணவு மிகுந்திருந்தும் எளியவனின் கையைப் பிடிக்காமையாகும். கொரிந்து சபையிலே திருவிருந்துக்குக் கூடியபோது ஒருவன் பசித்திருக்க மற்றவன் வெறித்திருந்தான். பவுல் அவர்களுக்கு விடுத்த அறிவுரை, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது. ஏசாயா காட்டும் உண்மையான உபவாசமும் பட்டினி கிடத்தலன்று, பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்தலே. இன்னுமொன்று. இயேசுவையே போசனப்பிரியர் என்று அவரின் பகைவர் தூற்றினர். அவர் உணவை வெறுத்தவராயின் அப்பழி பிறந்திராது. பலரும் ஒதுக்கியோருடன் பந்தியிருந்ததாலேயே அது பிறந்தது. ஆகவே கிறிஸ்தவ நோக்கிலே உணவு பகையன்று. உண்பவன் முன்னே வேறு எவரும் இல்லாது போவதே நோய்.

இன்றைய உளமருத்துவமும் இதற்கு அண்மித்தே நிற்கின்றது. அடக்கவியலாது மிகுத்துண்ணும் நிலையை 2013ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனியொரு நோயாக வகைப்படுத்தியது. விரைந்து உண்ணல், பசியின்றியும் உண்ணல், வெட்கத்தினால் தனித்து உண்ணல், உண்டபின் தன்னைத்தானே வெறுத்தல் என்பன அதன் குறிகள். எனவே இதனைப் பாவமென்று மட்டும் கூறி நோயாளியை வாயடைக்கச் செய்தல் தகாது. நோயென்று மட்டும் கூறி அவனது ஆன்மாவை மறத்தலும் தகாது.

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் வாரத்திலே ரமழான் நோன்பும் கிறிஸ்தவரின் தவக்காலமும் ஒருங்கே தொடங்கின. அந்நாட்களுள் ஒன்றிலே காக்கா தாமாகவே ஆசிரியரின் வாயிலில் வந்து நின்றார். ஆறாண்டு இடைவெளியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"மாஸ்டர், நாளைக்கு நோன்பு திறக்க நம்மட வீட்ட வாங்க. சஹன்ல ஒராள் குறையுது" என்றார்.

சஹன் என்பது இக்கரை முஸ்லிம்கள் கூடியுண்ணும் பெருந்தட்டு. பாயிலே வட்டமாக அமர்ந்து, பலர் ஒரே தட்டிற் கைவைத்து உண்பர். மறுநாள் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் முடிந்து, தொழுகையும் நிறைவுற்றபின், சஹன் வந்தது. நடுவே சோறு, அதன்மேல் இறைச்சி ஆணம், அருகே சுண்டலும் புளியாணமும். காக்கா, அவர் மகன், ஒன்பது வயதுப் பேரன், ஆசிரியர் என நால்வர் அமர்ந்தனர். ஆசிரியரின் உடம்பு நிலத்தில் அமர இடந்தரவில்லை. அதனைக் கண்ட காக்கா எதுவும் கூறாது தலையணை ஒன்றை நகர்த்தி வைத்தார்.

சஹனுக்கு எழுதாத சட்டம் ஒன்றுண்டு. அவரவர் தம் முன்னுள்ள பக்கத்தையே உண்ணவேண்டும். நபிகளார் கற்பித்த ஒழுக்கம் அது. ஆசிரியரின் கை பழக்கத்தால் விரைந்தது. அவருடைய பக்கம் குழியாகிவிட்டது. எதிரே சிறுவனின் பக்கம் மேடாகவே இருந்தது. தம் கையின் வேகத்தை அவர் அன்றுதான் கண்டார். இருட்டிலே நின்று உண்டவருக்கு அதனைக் காட்ட எதிரே எவரும் இருந்ததில்லை. காக்கா இறைச்சித் துண்டொன்றைப் பிய்த்துப் பேரனின் பக்கம் தள்ளினார். இன்னொன்றை ஆசிரியரின் பக்கம் தள்ளினார்.

"ஆறுதலாச் சாப்பிடுங்க மாஸ்டர். சோறு எங்கேயும் போகாது" என்றார்.

விருந்தோம்பும் எவரும் சொல்லக்கூடிய சாதாரண வார்த்தை அது. ஆயினும் எவாக்கிரியுஸ் விவரித்த அந்த அச்சத்துக்கு அதைவிடப் பொருத்தமான மறுமொழி இருக்கவியலாது. அன்றிரவு ஆசிரியர் தம் நள்ளிரவுப் பழக்கத்தை முதன்முறையாக ஒரு மனிதருக்குச் சொன்னார். காக்கா அறிவுரை கூறவில்லை.

"பகல் முழுக்க நோன்பு, ராவெல்லாம் பெருநாள். எங்கட ஆக்களுக்கும் இதே வருத்தந்தான் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

அவர் கூற்று உண்மையே. சஹன் தன்னளவில் மருந்தன்று. கலியாணச் சஹனிலே இறைச்சி மலையாகக் குவிந்து, பாதி வீணாவதும் உண்டு. ஆனால் அதன் மரபு அளவை வலியுறுத்துகின்றது. வயிற்றின் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்பது நபிமொழியின் கருத்து. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தமது பெருநூலிலே வயிற்றாசையை அடக்குதற்கெனவே ஒரு பகுதியை ஒதுக்கினார். திருவள்ளுவரோ, 'மருந்து' என்று தலைப்பிட்ட தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்திலே முன்னுண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே பெரிதும் பேசுகின்றார். காசியனும் கஸ்ஸாலியும் வள்ளுவரும் ஒருவரையொருவர் அறியார். வயிறு மூவருக்கும் ஒன்றே.

அதன்பின் ஆசிரியர் செய்தவை மிகச் சிறியவை. வைத்தியரிடம் இரவுணவைப் பற்றி ஒளிக்காது சொன்னார். மருந்து வேளைகள் மாற்றப்பட்டன. உளநலப் பிரிவுக்கும் அனுப்பப்பட்டார். நீரிழிவு மருந்து உட்கொள்வோர் வைத்தியரைக் கேளாது பட்டினி கிடத்தல் ஆபத்தென்பதால் முழுநாள் விரதத்தைக் கைவிட்டார். நோயாளருக்கு இஸ்லாமும் நோன்பிலே விலக்களிக்கின்றது. இருந்து, கோப்பையிலே இட்டு, வாய்விட்டு நன்றி கூறியே உண்பதெனத் தீர்மானித்தார். தனித்து வாழும் சபை முதியவர் ஒருவரோடு வாரத்தில் மூன்று நாள் இராவுணவைப் பகிர்ந்தார். தவறிய நாளில், மறுநாட் காலையிலேயே காக்காவிடம் சொன்னார். தவறிய நாட்களும் இருந்தன. சித்திரைப் புத்தாண்டு இரவிலே பலகாரத் தட்டொன்று முற்றாகக் காலியாயிற்று. ஆனால் அவர் அம்முறை பட்டினி கிடந்து தம்மைத் தண்டிக்கவில்லை. மறுநாள் உரிய வேளைக்கு உரிய அளவை உண்டார். எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. புண் ஆறியது. கால்விரல் தப்பியது.

அவ்வாண்டு ஏப்பிரல் 17ஆந் திகதி பெரிய வியாழனன்று திருவிருந்து ஆராதனை நடைபெற்றது. கிறிஸ்தவ மதத்தின் நடுவே இருப்பதும் ஓர் உணவே என்பதைச் சிந்திப்போர் சிலர். அதன் அளவோ விரல்நுனி அளவான அப்பம். வயிற்றை நிரப்ப அது கொடுக்கப்படுவதில்லை. செல்வனுக்கும் ஏழைக்கும் பசித்தவனுக்கும் உண்டுவந்தவனுக்கும் ஒரே அளவு. ஒருவரும் அதனைத் தாமே எடுத்துக்கொள்வதில்லை. இன்னொருவர் கையிலிருந்தே பெறுகின்றனர். தம் முறை வரும்வரை காத்திருக்கின்றனர். முதல் இராப்போசனத்திலும் சீடர்கள் ஒரே தாலத்திலே கையிட்டனர் என்று நற்செய்தி கூறுகின்றது. அளவு, காத்திருத்தல், பெற்றுக்கொள்ளல், பகிர்தல் ஆகிய நான்கையும் அச்சிறு துண்டு கற்பிக்கின்றது. போசனப்பிரியத்தை வெல்லுதற்குக் கிறிஸ்தவம் தரும் வழி உணவினின்று ஓடுவதன்று; பந்திக்குத் திரும்புவதே. அப்பந்தியிலே யார் யாருக்கு இடமுண்டு என்பதை ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு தலைமுறையும் தீர்மானிக்கவேண்டியுள்ளது. கல்முனைக் கரையிலே அத்தீர்மானம் இன்னும் முற்றுப்பெறவில்லை. எனினும், குறைந்திருந்த ஒருவருக்கென ஒரு சஹனிலே இடம் விடப்பட்டிருந்தது.